பாஸ்வேர்ட் கேட்காமல் மூடுல் பழுது பார்ப்பது

"சார், பசங்களுக்கு கோர்ஸ் ஓபன் ஆகல. அட்மின் ஐடியும் பாஸ்வேர்டும் கீழ அனுப்பியிருக்கேன், கொஞ்சம் பாத்துடுங்க." தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துக் கல்லூரிகளிலும் பயிற்சி மையங்களிலும் மூடுல் (இணையத்தில் பாடமும் தேர்வும் நடத்த உதவும் மென்பொருள்) பழுது பார்க்கும் வேலை பெரும்பாலும் இப்படி ஒரு வாட்ஸ்அப் செய்தியில்தான் ஆரம்பிக்கிறது. அனுப்புகிறவரைக் குறை சொல்லிப் பயனில்லை. வகுப்பும் எடுத்து, நாக் (கல்லூரிகளைத் தரமதிப்பீடு செய்யும் அமைப்பு) ஃபைலும் எழுதி, அதற்கு மேல் "மூடுல் இன்சார்ஜ்" என்ற பொறுப்பையும் சுமக்கிற ஒரு விரிவுரையாளராக இருப்பார். அவருக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

பழுது பார்க்க வருகிறவருக்கு வேறு வழி தெரிந்திருக்க வேண்டும். வந்த பாஸ்வேர்டைப் போட்டு உள்ளே போகாதீர்கள். இரண்டு விஷயம் கேளுங்கள்: அந்த பாஸ்வேர்டை உடனே மாற்றச் சொல்லுங்கள், உங்கள் பெயரில் தனிக் கணக்கு ஒன்று திறந்து தரச் சொல்லுங்கள். மூடுல் தன் லாகில் (நடப்பதைப் பதியும் குறிப்பில்) யார் எதை மாற்றினார் என்று கணக்கை வைத்துத்தான் எழுதுகிறது. மூன்று பேர் ஒரே அட்மின் ஐடியில் புழங்கினால், நாளைக்கு ஓர் இன்டர்னல் மார்க் மாறிக் கிடக்கும்போது மூன்று பேர் மேலும் சந்தேகம் விழும். வெளியாள் நீங்கள், முதலில் உங்கள் மேல்தான் விழும்.

மூடுல் 4 வரிசைப் பதிப்புகளை வைத்து எழுதுகிறேன். மெனு இருக்கும் இடம் பதிப்புக்குப் பதிப்பு கொஞ்சம் மாறும்.

தனிக் கணக்கு என்றதும் பலரும் நேராக சைட் அட்மின் (தளம் முழுக்க எல்லா உரிமையும் உள்ளவர்) ஆக்கிவிடுவார்கள். அது பெரும்பாலான வேலைக்குத் தேவையில்லை. ஒரு துறையின் கோர்ஸ்களில் மட்டும் கோளாறு என்றால் அந்தத் துறையின் கேட்டகரியில் (அதன் கோர்ஸ்களை அடுக்கி வைத்த பிரிவில்) மேனேஜர் ரோல் போதும். குவிஸ், மதிப்பெண், சேர்க்கை எல்லாம் பார்க்கலாம், திருத்தலாம். மற்ற துறைகளின் கோர்ஸ்களுக்குள் கை போகாது. லாகின் கோளாறு என்றால் தள அளவில் மேனேஜர் வேண்டும். யூசர் பட்டியலும் தளத்தின் லாகும் அப்போதுதான் தெரியும். ப்ளக்இன் (கூடுதல் வசதி) ஏற்றுவது, லாகின் முறைகளை மாற்றுவது, டீபக் (பிழை விவரம் காட்டும் அமைப்பு) போடுவது ஆகியவற்றுக்குத்தான் சைட் அட்மின். அதைக் கொடுத்தால், எடுக்கும் தேதியையும் அப்போதே பேசிக்கொள்ளுங்கள். ரோல் தானாகக் காலாவதி ஆகாது. யாராவது கையால் எடுத்தால்தான் உண்டு.

அட்மினே இல்லாத தளங்களும் உண்டு. நிறுவியவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருப்பார். பாஸ்வேர்ட் யாருக்கும் தெரியாது. சர்வரில் டெர்மினல் (கட்டளை அடிக்கும் திரை) கிடைத்தால், மூடுல் கோப்புறைக்குள் அட்மின், சிஎல்ஐ என்ற இடத்தில் இருக்கும் ரீசெட் பாஸ்வேர்ட் ஸ்கிரிப்ட் ஒரு நிமிட வேலை. டெர்மினல் இல்லாத ஷேர்டு ஹோஸ்டிங்கில் (பலர் பகிரும் வாடகை சர்வரில்) பிஎச்பிமைஅட்மின் (டேட்டாபேஸைத் திறந்து திருத்தும் கருவி) வழியாக யூசர் டேபிளில் அந்த அட்மினின் ஈமெயிலை மட்டும் பொறுப்பாளரின் முகவரிக்கு மாற்றிவிட்டு, "ஃபர்காட் பாஸ்வேர்ட்" கொடுங்கள். பாஸ்வேர்ட் கட்டத்தில் எம்டி5 (பழைய மறையாக்க முறை) எழுத்துகளை ஒட்டச் சொல்லும் பழைய குறிப்புகள் இணையத்தில் இன்னும் சுற்றுகின்றன. அந்தப் பக்கம் போகாதீர்கள். இதையெல்லாம் முதல்வரின் கையெழுத்திட்ட கடிதமோ, கல்லூரி முகவரியிலிருந்து வந்த ஈமெயிலோ இல்லாமல் தொடவே கூடாது. கேட்பவர் உண்மையில் அந்தக் கல்லூரியைச் சேர்ந்தவர்தானா என்று உங்களுக்கு உறுதி செய்யும் காகிதம் அது ஒன்றுதான்.

இனி மாணவர் பக்கம். "எனக்கு மட்டும் யூனிட் 3 திறக்கல" என்று ஒருவர் சொல்கிறார். அவர் பார்ப்பதை நாம் பார்க்க வேண்டும். அவர் பாஸ்வேர்டைக் கேட்பது எளிது. மாணவர்களும் தயங்காமல் சொல்லிவிடுவார்கள். அதே பாஸ்வேர்டைத்தான் ஜிமெயிலுக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் வைத்திருப்பார்கள் என்பதை நினைவில் வையுங்கள். கேட்காமலே பார்க்க மூன்று படி இருக்கிறது.

முதல் படி, கோர்ஸுக்குள்ளேயே இருக்கும் "ஸ்விட்ச் ரோல்". ஸ்டூடன்ட் என்று மாற்றிப் பார்க்கலாம். ஆனால் இது உங்கள் கணக்கையே மாணவர் ரோலில் காட்டுவது. குறிப்பிட்ட மாணவரின் குரூப், அவர் முடித்த பாடங்கள், அவர் மதிப்பெண் எதுவும் இதில் வராது. "குவிஸ் 2-ல் 40 எடுத்தால்தான் யூனிட் 3 திறக்கும்" என்ற மாதிரி நிபந்தனை வைத்திருந்தால் ஸ்விட்ச் ரோல் உங்களைக் குழப்பத்தான் செய்யும். பக்கம் மறைந்திருக்கிறதா, தேதி தாண்டிவிட்டதா என்ற அளவுக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

இரண்டாவது, சோதனை மாணவர் கணக்கு. ஒவ்வொரு துறைக்கும் ஒன்று வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பழுது சொன்ன மாணவர் எந்த குரூப்பில், எந்தச் சேர்க்கை முறையில் இருக்கிறாரோ அதே இடத்தில் இந்தக் கணக்கையும் சேர்க்க வேண்டும். மாணவர் செல்ஃப் என்ரோல்மென்டில் (தானே சேர்ந்துகொள்ளும் முறையில்) வந்திருக்க, சோதனைக் கணக்கைக் கையால் சேர்த்தால், சோதனைக் கணக்கில் எல்லாம் சரியாகத்தான் இருக்கும், கோளாறு அகப்படாது. இந்தக் கணக்கில் குவிஸ் எழுதலாம், அசைன்மென்ட் போடலாம், தப்பாக அழுத்தலாம். பத்தில் எட்டு கோளாறு இங்கேயே பிடிபட்டுவிடும் என்பது என் எண்ணம்.

இதிலும் தெரியவில்லை என்றால்தான் மூன்றாவது: "லாக் இன் ஆஸ்". அந்த மாணவரின் புரொஃபைலில் இந்த இணைப்பு இருக்கும். இதைப் பயன்படுத்தும் உரிமை இயல்பாக மேனேஜருக்கு உண்டு, ஆசிரியருக்குக் கிடையாது. கேட்டகரி மேனேஜராக இருந்தால் அந்த ஒரு கோர்ஸுக்குள் மட்டுமே மாணவராக நடமாட முடியும். தள அளவில் உரிமை இருந்தால் மாணவரின் முழுக் கணக்கும் திறக்கும். சைட் அட்மின் ஒருவரின் கணக்குக்குள் இந்த வழியில் யாராலும் போக முடியாது. நீங்கள் செய்வதெல்லாம் லாகில் "இன்னார், இன்னாராக" என்று இரண்டு பெயரோடும் பதிவாகும். மாணவரின் "கடைசியாக வந்த நேரம்" மாறாது. பாஸ்வேர்ட் மாற்றும் பக்கமும் திறக்காது. மூடுல் இந்த அளவுக்கு யோசித்துச் செய்திருக்கிறது.

ஆனால் அது தடுக்காத விஷயங்கள்தான் ஆபத்து. குவிஸில் "அட்டெம்ப்ட்" அழுத்தினால் அது மாணவரின் வாய்ப்பு. ஒரே ஒரு வாய்ப்பு உள்ள தேர்வாக இருந்தால் அதோடு போச்சு, நேரமும் ஓடத் தொடங்கிவிடும். பார்த்தாலே முடிந்ததாக டிக் விழும்படி வைத்த பாடத்தைத் திறந்தால் மாணவர் பெயரில் டிக் விழும். அதை நம்பி அடுத்த யூனிட்டும் திறந்துகொள்ளும், கோளாறே மறைந்துபோகும். ஃபோரத்தில் எழுதினால் அவர் எழுதியதாகவே நிற்கும். அதனால் போவதற்கு முன் மாணவரிடமோ, அவர் டியூட்டரிடமோ ஒரு வரி அனுமதி வாங்குங்கள்: "இன்று மதியம் உங்கள் கணக்கில் நுழைந்து யூனிட் 3 பக்கத்தை மட்டும் பார்க்கிறேன்." அவர்களின் "சரி" ஈமெயிலில் இருந்தால் இன்னும் நல்லது. இன்காக்னிட்டோ விண்டோவில் செய்யுங்கள். இல்லாவிட்டால் ஒரு டேபில் மாணவர், இன்னொரு டேபில் அட்மின் என்று நினைத்துக்கொண்டு இரண்டிலும் மாணவராகவே வேலை செய்துகொண்டிருப்பீர்கள். பார்த்து முடித்ததும் லாக் அவுட் செய்து, உங்கள் ஐடியில் மறுபடி வாருங்கள். தனிச்செய்திப் பக்கத்தில் உங்களுக்கு எந்த வேலையும் இல்லை.

"நெட் கட் ஆயிடுச்சு, நீங்களே எனக்குப் பதிலா சப்மிட் பண்ணிடுங்க" என்று அஞ்செட்டி மலைப் பக்கத்திலிருந்து ஒரு பிள்ளை கேட்டால் மனசு இளகத்தான் செய்யும். அதற்கும் லாக் இன் ஆஸ் வழி அல்ல. குவிஸில் யூசர் ஓவர்ரைடு இருக்கிறது: அந்த ஒருவருக்கு மட்டும் முடியும் நேரத்தைத் தள்ளலாம், ஒரு வாய்ப்பு கூட்டித் தரலாம். சப்மிட் ஆகாமல் காலாவதியான அட்டெம்ப்டை மறுபடி திறக்கும் பொத்தானும் புதிய பதிப்புகளில் உண்டு. முடிவு பாட ஆசிரியருடையது. பழுது பார்ப்பவர் எங்கே அழுத்த வேண்டும் என்று காட்டினால் போதும்.

கோளாறு மாணவரின் போனில் மட்டும் வருகிறது என்றால் கூகுள் மீட்டில் ஸ்க்ரீன் ஷேர் செய்யச் சொல்லுங்கள், அல்லது ஸ்க்ரீன் ரெக்கார்டிங் கேளுங்கள். எனிடெஸ்க் மாதிரி போனைத் தூரத்திலிருந்து இயக்கும் ஆப்பை ஏற்றச் சொல்லாதீர்கள். அதே போனில் அப்பாவின் ஜிபேயும் இருக்கும். நாளை எவனோ ஒருவன் "காலேஜ்ல இருந்து பேசறேன்" என்று அதே ஆப்பை ஏற்றச் சொன்னால் அந்த வீட்டில் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

அடுத்து, உள்ளேயே வர முடியாதவர்கள். இங்கே பாஸ்வேர்டை ரீசெட் செய்து அனுப்புவதுதான் எல்லோரும் செய்யும் முதல் வேலை. அது கடைசி வேலையாக இருக்க வேண்டும். முதலில் தளத்தின் லாகைத் திறந்து "யூசர் லாகின் ஃபெயில்டு" வரிகளைப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு காரண எண் இருக்கும். 1 என்றால் அந்தப் பெயரில் கணக்கே இல்லை. 2 என்றால் கணக்கு நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. 3, பாஸ்வேர்ட் தவறு. 4, பல முறை தவறாகப் போட்டதால் பூட்டிக்கொண்டது. 5, நுழைய அனுமதி இல்லை. மாணவர் "பாஸ்வேர்ட் தப்புன்னு வருது" என்றுதான் சொல்வார்; லாகில் 1 இருக்கும். பதிவு எண்ணில் பூஜ்யத்துக்குப் பதில் ஓ எழுத்தைப் போட்டிருப்பார். அவருக்கு எத்தனை முறை பாஸ்வேர்ட் மாற்றிக் கொடுத்தாலும் உள்ளே வர மாட்டார்.

3 வந்தால் போன் கீபோர்டைச் சந்தேகப்படுங்கள். யூசர்நேமில் பெரிய எழுத்து விழுந்தாலும், ஓரத்தில் இடைவெளி இருந்தாலும் மூடுல் தானே சரிசெய்துகொள்ளும். பாஸ்வேர்டில் அப்படிச் செய்யாது. கண் படத்தை அழுத்தி எழுத்துகளைப் பார்த்துக்கொண்டே போடச் சொன்னால் பாதி வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும். 4 வந்தால் யூசர் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே பூட்டைத் திறக்கும் குறி இருக்கும். ஈமெயில் மூலம் தானே பதிவு செய்துகொள்ளும் தளமாக இருந்தால், உறுதிப்படுத்தும் கடிதம் ஸ்பாமில் கிடக்கும். அதே பட்டியலில் "கன்ஃபர்ம்" அழுத்தலாம்.

ஒரே வகுப்பு மொத்தமும் லாகின் ஆகவில்லை என்றால், சமீபத்தில் யாராவது எக்செல் பட்டியலை ஏற்றினார்களா என்று கேளுங்கள். அண்ணா பல்கலைக்கழகப் பதிவு எண் 12 இலக்கம். எக்செல் அதை 6.11221இ+11 என்பது போலச் சுருக்கிக் காட்டும். அந்த நிலையில் சிஎஸ்வியாகச் (மூடுலில் ஏற்றும் சாதாரண எழுத்துக் கோப்பாகச்) சேமித்தால் சுருங்கிய வடிவமே கோப்பில் போகும். அறுபது பேருக்கும் ஒரே யூசர்நேம், முதல் ஆளைத் தவிர மற்றவர்கள் கணக்கு உருவாகவே உருவாகாது. எண்களைப் போடுவதற்கு முன்பே அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று மாற்றிக்கொள்ள வேண்டும். பிறகு மாற்றிப் பயனில்லை.

தளம் முழுக்க யாராலும் நுழைய முடியவில்லை, பாஸ்வேர்ட் போட்டால் மறுபடி லாகின் பக்கமே வருகிறது என்றால் யூசர் கணக்குகளைத் தொடவே தொடாதீர்கள். சர்வர் டிஸ்க் நிரம்பி செஷன் (யார் உள்ளே இருக்கிறார் என்ற தற்காலிகப் பதிவு) எழுத முடியாமல் போயிருக்கும். அல்லது எச்டிடிபிஎஸ்-க்கு (பாதுகாப்பான இணைப்புக்கு) மாறியவர்கள் கான்ஃபிக் கோப்பில் (தளத்தின் அடிப்படை அமைப்புகள் எழுதிய கோப்பில்) தள முகவரியை மாற்ற மறந்திருப்பார்கள். நானூறு பேரின் பாஸ்வேர்டை ரீசெட் செய்துவிட்டு, அதற்குப் பிறகு டிஸ்க் நிரம்பியது தெரிந்தால், அந்த நானூறு பேரையும் சமாளிப்பது தனி வேலையாகிவிடும்.

நுழைய முடிகிறது, கோர்ஸ் தெரியவில்லை என்பது இன்னொரு வகை. சேர்க்கையின் முடிவுத் தேதி, சேர்க்கை நிறுத்தி வைக்கப்பட்டிருப்பது, கோர்ஸ் மறைக்கப்பட்டிருப்பது என்று வரிசையாகப் பாருங்கள். செல்ஃப் என்ரோல்மென்டில் "இத்தனை நாள் வராவிட்டால் நீக்கு" என்ற அமைப்பு ஒன்று உண்டு. செமஸ்டர் விடுமுறைக்குப் பிறகு பாதி வகுப்பு காணாமல் போவது அதனால்தான்.

கடைசியில் ரீசெட் தேவைதான் என்று வந்தால், "ஃபர்காட் பாஸ்வேர்ட்" இணைப்பு நல்ல வழி. ஆனால் நம் பக்கத்தில் அதற்கு ஒரு சிக்கல். சேர்க்கை விண்ணப்பத்தை பிரவுசிங் சென்டரில் போட்டிருப்பார்கள். ஈமெயிலையும் கடைக்காரரே உருவாக்கியிருப்பார், சில சமயம் தன் கடையின் முகவரியையே கொடுத்திருப்பார். போன் எண் ஓசூரிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கும் அண்ணனுடையது. ரீசெட் கடிதம் யார் கைக்குப் போகும் என்றே சொல்ல முடியாது. இந்த மாதிரி மாணவர்களை நேரில் வரச் சொல்லி, டியூட்டர் அடையாள அட்டையைப் பார்த்து, தற்காலிக பாஸ்வேர்ட் ஒன்றை அவர் கண் முன்னால் போட்டு, "ஃபோர்ஸ் பாஸ்வேர்ட் சேஞ்ச்" டிக் செய்து, அங்கேயே மாற்றவைக்க வேண்டும். ஈமெயிலையும் அப்போதே திருத்திவிடுங்கள். வகுப்புக்கு மொத்தமாகப் பிறந்த தேதியைப் பாஸ்வேர்டாக வைப்பதை நான் ஒத்துக்கொள்வதில்லை. பிறந்தநாள் கேக் வெட்டிய போட்டோ குழுவில் எல்லோரிடமும் இருக்கும்.

பெயரை மட்டும் வைத்து யாரையும் அடையாளம் காணாதீர்கள். ஒரே வகுப்பில் ஒரே இனிஷியலோடு இரண்டு சத்யா இருப்பது சாதாரணம். இனிஷியல் முன்னால், பின்னால் என்று மாறி ஒரே மாணவருக்கு இரண்டு கணக்கு இருப்பதும் சாதாரணம். பதிவு எண்தான் ஆதாரம். இரட்டைக் கணக்கில் ஒன்றை டெலிட் செய்யத் தோன்றும். செய்தால் அதில் இருந்த மதிப்பெண் பட்டியலிலிருந்து போய்விடும். சஸ்பெண்ட் செய்யுங்கள். இரண்டையும் சேர்க்க ப்ளக்இன் இருக்கிறது, ஆனால் சேர்த்ததைப் பிரிக்க முடியாது. டெஸ்ட் தளத்தில் ஓட்டிப் பார்க்காமல் உண்மைத் தளத்தில் ஓட்டாதீர்கள்.

டெஸ்ட் தளம் என்பது டேட்டாபேஸ், மூடுல்டேட்டா கோப்புறை (ஏற்றிய கோப்புகள் இருக்கும் இடம்), நிரல் மூன்றின் நகல். நகலை முதன்முதலில் இயக்கும் முன் கான்ஃபிக் கோப்பில் இரண்டு மாற்றம் கட்டாயம்: தள முகவரி, பிறகு ஈமெயிலே போகாதபடி தடுக்கும் "நோஈமெயில்எவர்" வரி. இந்த வரியை மறந்து க்ரான் (நேரம் வைத்துத் தானாக ஓடும் வேலை) ஓடினால், நகலிலிருந்து உண்மையான மாணவர்களுக்கு நினைவூட்டல் கடிதங்கள் பறக்கும். கடிதம் எப்படிப் போகிறது என்றே சோதிக்க வேண்டுமானால், எல்லாவற்றையும் ஒரே முகவரிக்குத் திருப்பிவிடும் அமைப்பும் உண்டு. டீபக் செய்திகளை எல்லோருக்கும் காட்டும்படி போடாதீர்கள். சர்வர் கோப்புப் பாதைகள் மாணவர் திரையில் வரும். குறிப்பிட்ட யூசர் எண்ணுக்கு மட்டும் காட்டச் சொல்லும் வரி கான்ஃபிக் கோப்பில் சேர்க்கலாம்.

அந்த நகலுக்குள் நிஜமான பிள்ளைகளின் பெயர், போன் எண், மதிப்பெண், அசைன்மென்ட் என்ற பெயரில் ஏற்றிய சாதிச் சான்றிதழ், ஆதார் நகல் எல்லாம் இருக்கும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவர் குழந்தை. பாலிடெக்னிக் முதலாம் ஆண்டில் பலர் அந்த வயதுக்குள்தான். நகலை உங்கள் லேப்டாப்பில் வைத்துக்கொண்டு ஊர் சுற்றாதீர்கள். கல்லூரியின் சர்வரிலேயே பாஸ்வேர்ட் போட்ட கோப்புறையில் வைத்து, வேலை முடிந்ததும் அழியுங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு, அடுத்தவர் பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்தினால் மூன்று ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் என்கிறது. உங்கள் நோக்கம் மோசடி இல்லைதான். ஆனால் தகராறு வரும்போது அனுமதிக் கடிதமும் உங்கள் பெயரிலான லாகும் இருந்தால் அதைச் சுலபமாகக் காட்டிவிடலாம்.

சிபேனல் (ஹோஸ்டிங்கை முழுதாக நிர்வகிக்கும் பலகை) கொடுப்பதற்கு முன் கல்லூரிக்காரர்கள் இரண்டு முறை யோசிக்க வேண்டும். கான்ஃபிக் கோப்பில் டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் வெளிப்படையாக எழுதியிருக்கும். அதைப் படிக்க முடிந்தவர் மதிப்பெண்ணை மூடுல் லாகில் சுவடே இல்லாமல் மாற்றலாம். கோப்பு மட்டும் பார்க்க வேண்டுமானால், அந்த கான்ஃபிக் கோப்பு எட்டாத தனி எஃப்டிபி (கோப்பு அனுப்பி எடுக்கும் வழி) கணக்கு போதும். எஸ்எஸ்எச் (சர்வருக்குள் தூரத்திலிருந்து நுழையும் வழி) வேண்டுமென்றால் பாஸ்வேர்ட் கேட்காதீர்கள். உங்கள் பப்ளிக் கீயைக் (பிறரிடம் தரக்கூடிய சாவிக் குறியீட்டைக்) கொடுத்து ஒரு வரியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் அந்த வரியை அழித்தால் கதவு மூடிவிடும்.

ஒப்படைக்கும்போது ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள்: எந்தக் கணக்கில் வேலை செய்தீர்கள், யார் கணக்கில் லாக் இன் ஆஸ் செய்தீர்கள், எந்த அமைப்பு முன்பு என்னவாக இருந்தது, இப்போது என்ன. அமைப்பு மாற்றங்களை மூடுலின் கான்ஃபிக் சேஞ்சஸ் அறிக்கையே காட்டும், அதைப் பார்த்தே எழுதலாம். பிறகு உங்களை சைட் அட்மின் பட்டியலிலிருந்தும் மேனேஜர் ரோலிலிருந்தும் எடுக்கச் சொல்லி, கணக்கை சஸ்பெண்ட் செய்யச் சொல்லுங்கள். டெலிட் வேண்டாம், லாகில் உங்கள் பெயர் யாருடையது என்று நாளைக்குத் தெரிய வேண்டும். அலுவலக கம்ப்யூட்டரின் க்ரோமில் உங்கள் பாஸ்வேர்ட் சேமிப்பாகியிருந்தால் அதையும் நீக்குங்கள்.

இன்னொன்று பலருக்கும் தெரிவதில்லை. அட்மின் பாஸ்வேர்டை மாற்றிவிட்டால் பழைய ஆட்கள் வெளியே போய்விடுவார்கள் என்று நினைக்கிறார்கள். மூடுல் மொபைல் ஆப் பாஸ்வேர்டில் ஓடுவதில்லை, டோக்கனில் (ஒருமுறை நுழைந்ததும் ஆப் வைத்துக்கொள்ளும் அனுமதிக் குறியீட்டில்) ஓடுகிறது. பாஸ்வேர்ட் மாறும்போது டோக்கனையும் அழிக்கும் அமைப்பு செக்யூரிட்டி பகுதியில் தனியாக இருக்கிறது. இயல்பாக அது அணைந்தே கிடக்கும். அதை ஆன் செய்துவிட்டு அதற்கப்புறம் பாஸ்வேர்டை மாற்றச் சொல்லுங்கள்.